பேய்க்கணவாய்க்கு வீட்டில் எந்தத் தொட்டி: ரெடிமேடா, சம்ப் வைத்ததா, குளிர்நீரா, பழையதா?

தெரிந்த தம்பி ஒருவர் போன மாதம் இரண்டு விலைப்பட்டியலோடு வீட்டுக்கு வந்தார். ஒன்று, பம்ப், ஃபில்டர் எல்லாம் உள்ளேயே பொருத்தி வரும் ரெடிமேட் தொட்டி. இன்னொன்று, சென்னை கொளத்தூரில் அளவு கொடுத்துச் செய்யும் நாலடித் தொட்டி, அடியில் சம்ப் என்ற இரண்டாம் தொட்டி. “அண்ணே, ஆக்டோபஸ் வளர்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ரெண்டுல எதை எடுக்கட்டும்?”

“மே மாசம், மதியம் ரெண்டு மணிக்குக் கரண்ட் போகுது. நீங்க ஆபீஸ்ல இருக்கீங்க. ஆறு மணிக்கு வீட்டுக்கு வரும்போது எந்தத் தொட்டியில அது உயிரோட இருக்கும்?” என்று கேட்டேன். இரண்டு பட்டியலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிலும் அதற்கு விடை இல்லை.

வேளச்சேரியில் இரண்டாம் மாடியில் ஒன்பது வருடமாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். நடுவில் ஏழு மாதம் அதில் ஒரு பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ், இருந்தது. இனி வெறும் கணவாய் என்று சொன்னாலும் அதைத்தான் சொல்கிறேன். கோவளத்தில் நண்டு வலையில் சிக்கியதை ஒரு மீனவர் வாளியில் கடல்நீரோடு கொடுத்தார். ராத்திரி நண்டு டப்பாவோடு நான் வருவதைப் பார்த்ததும் கண்ணாடி ஓரம் வந்து நிற்கும். அந்த ஏழு மாதம் கற்றுக்கொடுத்ததையும், அதற்கு முன் பட்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சென்னை மாதிரி சூடும் ஈரப்பதமும் சேர்ந்த கடலோர ஊருக்கான கணக்கு இது. ஊட்டியில் இருப்பவருக்கு வேறு கணக்கு.

## எதை வைத்து அளப்பது

மூச்சு. பேய்க்கணவாய்க்கு மூன்று இதயம், நீல ரத்தம். நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதற்குச் செம்பு செய்கிறது. ஹீமோசயனின் என்ற அந்தப் புரதம் நம் ஹீமோகுளோபின் அளவுக்கு ஆக்ஸிஜனைச் சுமக்காது. அதனால் தண்ணீரில் ஆக்ஸிஜன் கொஞ்சம் குறைந்தாலே திணறிவிடும். 20 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.4 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் 6.2 தான். சூடு ஏற ஏற அதன் தேவை கூடும், தண்ணீரின் கையிருப்பு குறையும். நான் கேட்ட மே மாத மதியக் கேள்வி இங்கிருந்து வந்ததுதான்.

கழிவு. தினமும் நண்டும் இறாலும் தின்று வேகமாக வளரும் பிராணி. அதே எடையுள்ள மீனைவிட அது வெளியேற்றும் அம்மோனியா மிக அதிகம். போதாததற்கு மை. கடலில் மை கரைந்து போய்விடும். சின்னத் தொட்டியில் அதுவே அதன் செவுளில் படிந்து மூச்சை அடைக்கும். ஃபில்டரும், கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் தொட்டியின் லிட்டர் கணக்குக்கு ஏற்றதாக இருந்தால் போதாது. அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய தொட்டிக்கு உரியதாக இருக்க வேண்டும்.

மூடி. அதன் உடலில் கெட்டியான பாகம் என்று பார்த்தால் கிளி மூக்கு மாதிரி இருக்கும் அலகு ஒன்றுதான். அலகு நுழைகிற ஓட்டையில் முழு உடம்பும் நுழையும். 2016இல் நியூசிலாந்தின் நேப்பியர் நகரத் தேசிய மீன்காட்சியகத்தில் இங்கி என்ற கணவாய், லேசாகத் திறந்திருந்த மூடி வழியே வெளியே வந்து, தரையில் ஊர்ந்து, 15 சென்டிமீட்டர் அகல வடிகால் குழாயில் இறங்கிக் கடலுக்கே போய்விட்டது. குழாயின் நீளம் சுமார் 50 மீட்டர். 2009இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்கா மீன்காட்சியகத்தில் இன்னொன்று ராத்திரியில் ஒரு வால்வைப் பிடுங்கிவிட்டது. காலையில் வந்தவர்கள் பார்த்தது, தரை முழுக்கக் கடல்நீர். முழுநேர ஊழியர்கள் இருக்கும் இடத்திலேயே இப்படி. வீட்டில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

செம்பு. ரத்தத்தில் செம்பு வைத்திருக்கிற இதே பிராணிக்குத் தண்ணீரில் கரைந்த செம்பு நஞ்சு. மீனுக்கு வரும் ஒட்டுண்ணி நோய்களுக்குக் கொடுக்கும் மருந்துகள் பலவற்றில் செம்பு உண்டு.

இரண்டாம் மாதத்துக்குப் பிந்தைய செலவு. கரண்ட், உப்பு, ஆர்.ஓ. தண்ணீர், நண்டு, உங்கள் நேரம். கடைக்காரர் தரும் பட்டியலில் இதில் ஒன்றுகூட இருக்காது.

## தொட்டிக்கு முன்னால், எந்தக் கணவாய்

இதை முடிவு செய்யாமல் தொட்டி வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி.

வெளிநாட்டுப் படங்களில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுவது பெரும்பாலும் கலிபோர்னியாவின் இருபுள்ளிக் கணவாயை. ஆக்டோபஸ் பைமாகுலாய்டிஸ் என்பது அறிவியல் பெயர். பகலில் நடமாடும், ஆளோடு பழகும். குஞ்சுகள் பொரிந்ததும் நேராகத் தரையில் வாழத் தொடங்கிவிடுவதால் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய முடிகிறது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். 2015இல் இதன் முழு மரபணுத் தொகுதியையும் படித்து வெளியிட்டார்கள். ஆனால் இது குளிர்ந்த கடலின் பிராணி, 15 முதல் 22 டிகிரிக்குள் வாழ்வது.

நம் கரையில் கிடைப்பவற்றில் வீட்டுத் தொட்டிக்கு ஒத்துவரும் அளவுள்ளது ஆம்ஃபியாக்டோபஸ் மார்ஜினேட்டஸ். உடம்பு 8 சென்டிமீட்டர், கைகளோடு சேர்த்து 15 இருக்கும். இந்தோனேசியக் கடலடியில் இது பாதி கொட்டாங்குச்சிகளைத் தூக்கிக்கொண்டு நடப்பதையும், ஆபத்து வந்தால் இரண்டையும் சேர்த்து மூடி உள்ளே ஒளிந்துகொள்வதையும் 2009இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். என்னிடம் இருந்ததும் இந்த இனம்தான். வெப்பக்கடலில் பிறந்தது, 25 முதல் 27 டிகிரி அதற்குச் சுகம். இந்தோ பசிபிக் கரைகளில் வாழும் ஆப்டோபஸ் அக்குலியேட்டஸும் இதே வெப்பத்துக்காரர். கை மட்டும் நீளம்.

பவளப்பாறைகளில் பகலில் வேட்டையாடும் ஆக்டோபஸ் சயானியா அழகுதான். ஆனால் கிலோ கணக்கில் வளரும், வீட்டுக்கு ஆகாது. நீலவளையக் கணவாய் பக்கமே போகாதீர்கள். அதன் டெட்ரோடோடாக்சின் நஞ்சு மூச்சுத் தசைகளைச் செயலிழக்க வைக்கும், முறிமருந்து கிடையாது. சீண்டாத வரை அந்த நீல வளையங்கள் பளிச்சென்று தெரியாது என்பதால், இனம் தெரியாத குட்டிக் கணவாயை யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

எந்த இனமானாலும் ஆயுள் குறைவு. வீட்டில் வைக்கிற அளவுள்ளவை பெரும்பாலும் ஒரு வருடம், அதற்குச் சற்று முன்பின். பெண் முட்டையிட்டு அடைகாக்கும்போது சாப்பாட்டை நிறுத்திவிடும், குஞ்சு பொரிந்ததும் இறந்துபோகும். வலையில் வந்ததென்றால் அந்த ஒரு வருடத்தில் எத்தனை மாதம் கழிந்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

## நாலு வழிகளும் ஒரு பார்வையில்

| | ரெடிமேட், 120 லிட்டர் | சம்ப் வைத்தது, 300 லிட்டர் | குளிர்நீர், 300 லிட்டர் | பழைய தொட்டி |
|---|---|---|---|---|
| ஒத்த இனம் | குட்டை இனங்கள் மட்டும் | மார்ஜினேட்டஸ், அக்குலியேட்டஸ் | இருபுள்ளிக் கணவாய் | தொட்டியைப் பொறுத்தது |
| மூச்சு, கழிவு | இறுக்கம் | தாராளம் | மிகத் தாராளம் | தொட்டியைப் பொறுத்தது |
| மூடி | தண்ணீர் பின்னறைக்குப் போகும் சீப்பு இடைவெளியே பெரிய சிக்கல் | செய்யும்போதே திட்டமிடலாம் | செய்யும்போதே திட்டமிடலாம் | துளைகளைத் தேடித் தேடி அடைக்க வேண்டும் |
| செம்பு ஆபத்து | புதிது என்றால் இல்லை | சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) சுருளைக் கவனிக்க வேண்டும் | சில்லர் சுருளைக் கவனிக்க வேண்டும் | மிக அதிகம் |
| மறைசெலவு | ஏ.சி. அறை | சில்லர், உப்பு | பெரிய சில்லர், கரண்ட், கண்ணாடி வியர்ப்பது | பரிசோதனை, காத்திருப்பு, ஏமாற்றம் |
| மே மாத மதியம் | தாங்காது | இன்வெர்ட்டர் இருந்தால் தாங்கும் | ஓரளவு தாங்கும் | உபகரணத்தைப் பொறுத்தது |

## ரெடிமேட் தொட்டி

பார்க்க அழகு. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தடுப்பு, அதற்குள் பம்ப், பஞ்சு, சின்ன ஸ்கிம்மர். ஒரு மணி நேரத்தில் பொருத்திவிடலாம்.

ஆனால் இது மீனையும் பவளத்தையும் மனதில் வைத்துச் செய்தது. மேலே திறந்து கிடக்கும். தண்ணீர் பின்னறைக்குப் போகும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி இடைவெளிகள் இருக்கும். மீன் போகாது, கணவாய் போய்விடும். உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் பம்பில் கை நுனி சிக்கும். சீப்பை நைலான் வலையால் மூடினால் இரண்டு நாளில் அழுக்கு அடைத்து நீர்மட்டம் ஏறும். தினமும் வலையைக் கழற்றிக் கழுவும் பொறுமை இருந்தால் சமாளிக்கலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கணவாய்க்காக மேல்பக்கத்தை இறுக மூடியதும், காற்றுப்படும் நீர்ப்பரப்பு போய்விடுகிறது. சூட்டைக் குறைக்க நாம் வழக்கமாகத் தண்ணீர் மேல் வைக்கும் சின்ன ஃபேனும் பயன்படாது. மூடினால் மூச்சு முட்டும், திறந்தால் தப்பிக்கும். கரண்ட் போன மதியத்தில் 120 லிட்டர் தண்ணீர் அறையின் சூட்டை வேகமாகப் பிடித்துக்கொள்ளும், ஆக்ஸிஜன் அதைவிட வேகமாகத் தீரும்.

எப்போதும் ஏ.சி. ஓடும் அறை, ஜெனரேட்டர் உள்ள அடுக்குமாடி, வளர்ந்த பிறகும் உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டை இனம், இந்த மூன்றும் சேர்ந்தால் ரெடிமேட் சரி. கரீபியன் பக்கத்து ஆக்டோபஸ் மெர்காட்டோரிஸ் அப்படி ஒரு இனம். ஆனால் அது ராத்திரிப் பிராணி. சிவப்பு விளக்கில் காத்திருந்து பார்க்க வேண்டும். அந்தத் தம்பி கேட்டது இதை இல்லை.

## சம்ப் வைத்த 300 லிட்டர், வெப்பக்கடல் இனத்துக்கு

என் தேர்வு இதுதான், அதனால் இதைப் பற்றி நிறையச் சொல்கிறேன்.

மேலே நாலடிக்கு ஒன்றரையடித் தொட்டி. அதிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கீழே உள்ள இரண்டாம் தொட்டிக்கு இறங்கும். அதுதான் சம்ப். ஸ்கிம்மர், பாக்டீரியா குடியிருக்கும் ஊடகங்கள், கார்பன், ஹீட்டர் தேவைப்பட்டால் அதுவும், எல்லாம் கீழே. சுத்தமான தண்ணீரை ஒரு பம்ப் மேலே ஏற்றும். கணவாய் இருக்கும் மேல் தொட்டியில் அது பிடுங்கி விளையாட எதுவுமே இருக்காது. மேல்தொட்டியை எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் காற்றோட்டம் கீழே சம்பில் நடந்துகொண்டே இருக்கும். மூடிக்கும் மூச்சுக்கும் ரெடிமேட் தொட்டியில் இருந்த சண்டை இங்கே தீர்ந்துவிடுகிறது. மை கக்கினாலும் ஸ்கிம்மரும் கார்பனும் இழுத்துவிடும். என்னுடையது ஒரே ஒரு முறை கக்கியது, நான் கண்ணாடியைத் துடைக்கும் காந்தத்தைக் கை தவறி உள்ளே போட்டபோது. அரை மணியில் தண்ணீர் தெளிந்தது. கார்பனை அன்றைக்கே மாற்றினேன்.

தண்ணீர் கீழே இறங்கும் குழாய் வாயில் கடினமான வலை கட்டாயம், கணவாய் பிடுங்க முடியாதபடி திருகி இறுக்கியது. மூடிக்கு அக்ரிலிக் வேண்டாம், ஈரத்தில் வளைந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். 8 மில்லிமீட்டர் கண்ணாடி, நாலு பக்கமும் கொக்கி. கணவாய் தூக்கிப் பார்க்கும், அதனால் மூடியின் எடையை மட்டும் நம்பக் கூடாது. தொட்டியின் மேல் விளிம்பில் உட்பக்கமாக ஒரு சாண் அகலத்துக்குச் செயற்கைப் புல் விரிப்பை ஒட்டினேன். பெரிய மீன்காட்சியகங்களில் செய்வதுதான். அந்த முள்முள்ளான பரப்பில் உறிஞ்சிகள் ஒட்டாது. என் கணவாய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வதைப் பல நாள் பார்த்திருக்கிறேன்.

இனி மறைசெலவுகள்.

சில்லர் முதலில். தொட்டியைவிட அதன் விலை அதிகம். மே மாதத்தில் 26 டிகிரியில் நிறுத்த என் சில்லர் நாளொன்றுக்கு மூன்று யூனிட் இழுத்தது. நம் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதாவது கூடுதலாக 180 யூனிட். 500ஐத் தாண்டினால் விகிதமே மாறும் என்பதால், ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சில்லர் வெளியே விடும் சூட்டுக்கு வழி வேண்டும். ஸ்டாண்டின் மரப்பெட்டிக்குள் அடைத்து வைத்தால் தான் விட்ட சூட்டைத் தானே இழுத்து நாள் முழுக்க ஓடும். நான் பால்கனியில் வைத்திருக்கிறேன். இன்னொன்று, உள்ளே இருக்கும் சுருள் டைட்டானியம்தானா என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய ஃப்ரிட்ஜ் பாகங்களை வைத்து மலிவாகச் செய்து தரும் சில்லர்களில் செம்புச் சுருள் இருக்கலாம். உப்புத் தண்ணீர் அதை அரிக்க அரிக்க நஞ்சு தொட்டிக்குள் இறங்கும்.

உப்பு. முதல் நிரப்பலுக்கு 11 கிலோவுக்கு மேல். வாரம் 30 லிட்டர் மாற்றினால் வாரத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம், வருடத்துக்கு 55 கிலோவைத் தாண்டும். கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, கேனில் பிடித்துக்கொண்டு வரலாமே என்று கேட்பார்கள். நகரத்துக் கரைத் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது கூவம், அடையாறு முகத்துவாரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத்து உப்பளவும் இறங்கிவிடும். படகில் வெளியே போய் எடுத்துவர ஆள் இருந்தால் சரி, இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலந்துகொள்வதே பத்திரம். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக உப்பில்லாத தண்ணீரை மட்டும் தினமும் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது என்பதை மறந்து உப்புத் தண்ணீரையே ஊற்றிக் கெடுத்தவர்கள் உண்டு.

எடை. தண்ணீர், கண்ணாடி, பாறை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 450 கிலோவுக்குக் குறையாது, அதுவும் அரைச் சதுர மீட்டர் இடத்தில். வீட்டுத் தளங்களுக்கு நம் கட்டடத் தரவிதி எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. நடு ஹாலில் வைக்காமல் பீம் ஓடும் சுவரோரம் வையுங்கள். பழைய கட்டடமென்றால் ஒரு பொறியாளரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது மே மாத மதியம். கரண்ட் போனதும் பம்ப் நிற்கும். மேல் தொட்டியின் தண்ணீர் குழாய் வழியாகக் கொஞ்சம் கீழே இறங்கும். சம்பில் அதற்கு இடம் விடாமல் விளிம்பு வரை நிரப்பி வைத்தால் ஹால் முழுக்கத் தண்ணீர். முதல் நாளே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து, எதுவரை ஏறுகிறதோ அதற்கேற்ற கோட்டை சம்பில் போட்டுவிடுங்கள். பம்ப் நின்றால் சம்பின் காற்றோட்டம் மேலே இருப்பதற்கு உதவாது, மேல் தொட்டி தனித்துப் போகும். அதனால் பம்பை வீட்டு இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். 50 வாட் பம்பை 150 ஏ.ஹெச். பேட்டரி பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டும், வீட்டில் யாரும் அதே லைனில் நாலு ஃபேனை ஓட்டாத வரை. சில்லரை இன்வெர்ட்டரில் போட முடியாது. பரவாயில்லை, 300 லிட்டர் நாலு மணி நேரத்தில் இரண்டு டிகிரி ஏறும், இந்த இனம் அதைத் தாங்கும். அதற்கும் மேல் ஒரு காப்பாக, பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று, அதன் குழாய் முன்கூட்டியே மூடியில் துளையிட்டு மேல் தொட்டிக்குள் போயிருக்க வேண்டும். இருட்டில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மூடியைத் திறக்கும் நேரத்தில் கணவாய் வெளியே வந்துவிடும்.

புயலுக்கு மட்டும் இது போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் தெருவில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரி இரண்டாம் நாள் காலையில் தீர்ந்தது. அப்போது தொட்டியில் மீன்கள்தான், அதிலும் பாதி போயிற்று. கணவாய் இருந்திருந்தால் நிச்சயம் போயிருக்கும். அதன் பிறகுதான் இரண்டாம் பேட்டரி வாங்கினேன்.

## குளிர்நீர்த் தொட்டி

இருபுள்ளிக் கணவாய்தான் வேண்டும் என்றால் இது ஒன்றே வழி. மேலே சொன்ன சம்ப் அமைப்பேதான், வெப்பம் மட்டும் 18 முதல் 20. குளிர்ந்த தண்ணீரில் ஆக்ஸிஜன் அதிகம், வளர்ச்சி நிதானம், ஆயுளும் சற்றுக் கூடும். பிராணிக்கு எல்லா வகையிலும் நல்ல தண்ணீர்.

நம் ஊர்க் காற்றுதான் இதற்கு எதிரி. சென்னையின் ஈரப்பதத்தில் 18 டிகிரித் தொட்டிக் கண்ணாடி, ஐஸ் போட்ட டம்ளர் மாதிரி இருபத்துநாலு மணி நேரமும் வியர்க்கும். ஸ்டாண்டின் பலகை ஊறி உப்பும், தரை வழுக்கும், பின்னால் இருக்கும் பிளக் பாயிண்டில் தண்ணீர் போகும். உள்ளே இருப்பதும் கண்ணுக்குத் தெரியாது. இரட்டைக் கண்ணாடி அல்லது தடிமனான அக்ரிலிக்கில் செய்ய வேண்டும், இல்லையென்றால் அறையே எந்நேரமும் ஏ.சி.யில் இருக்க வேண்டும். சில்லரும் ஒரு படி பெரிதாகும். வெளியே 36, உள்ளே 18 என்ற இடைவெளியை அது ஒவ்வொரு மணி நேரமும் இழுத்துப் பிடிக்க வேண்டும். கரண்ட் போனால் மணிக்கு ஒரு டிகிரி போல ஏறி, நாலு மணி நேரத்தில் 22ஐத் தொட்டுவிடும். அதற்கு மேல் அந்தப் பிராணிக்கு வேதனைதான்.

குளிர் மலையூரில் வீடு உள்ளவருக்கும், முழுநேரக் குளிரூட்டல் உள்ள கல்லூரி ஆய்வகத்துக்கும் இது நல்ல தேர்வு. கடலோர வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## பழைய தொட்டி

விளம்பரத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும். ஸ்கிம்மர், விளக்கு, பாறை எல்லாம் சேர்த்தே தருவார்கள். ஆசை யாருக்குத்தான் வராது?

என் முதல் கடல்நீர்த் தொட்டி அப்படி ஒரு கடையில் வாங்கியதுதான். நல்ல கண்ணாடி, கீறல் இல்லை. கழுவி, நிரப்பி, ஆறு வாரம் ஓட்டி, அம்மோனியா பூஜ்யம் என்று பார்த்துவிட்டுப் பத்து நத்தைகளை விட்டேன். மூன்றாம் நாள் காலையில் எல்லாம் மணலில் மல்லாந்து கிடந்தன. மீன் மட்டும் நன்றாக நீந்திக்கொண்டிருந்தது. யாரோ சொல்லி செம்புப் பரிசோதனைக் கிட் வாங்கிப் பார்த்தால், நிறம் தெளிவாக மாறியது. அந்தத் தொட்டியில் பல வருடம் மீன்களுக்குச் செம்பு மருந்து போட்டுக் குணப்படுத்தியிருக்கிறார்கள். கேட்டேன், “மீனுக்கு ஒண்ணும் ஆகலையே சார்” என்றார்கள். உண்மைதான், மீனுக்கு ஒன்றும் ஆகாது. பாறையிலும் சிலிக்கானிலும் ஊறிய செம்பு மாதக் கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும் என்பதை அவர்கள் சொல்லவில்லை, எனக்கும் அப்போது கேட்கத் தெரியவில்லை. கணவாயை விட்டிருந்தால் அது கண் முன்னால் செத்திருக்கும் என்ற நினைப்பு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

எனவே பழைய தொட்டி என்றால் கண்ணாடியும் ஸ்டாண்டும் மட்டும் வாங்குங்கள், அதுவும் வரலாறு தெரிந்தவரிடம். நண்டு, இறால், நத்தை ஏதாவது அந்தத் தொட்டியில் ஒரு வருடமாக வாழ்ந்துகொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தால் அதைவிடப் பெரிய சான்று இல்லை. பழைய பாறையும் மணலும் வேண்டவே வேண்டாம். பவளப் பாறை என்றால் அது சட்டச் சிக்கலும்கூட. கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செயற்கைப் பாறை, சுட்ட மண் பொருள்கள் போதும், கணவாய்க்கு அதில் எந்தக் குறையும் தெரியாது.

நண்பர் ஒருவர் ஊர் மாறும்போது தன் பவளத் தொட்டியைக் கொடுக்கிறார், வருடக் கணக்கில் அதை நீங்கள் பார்த்து வந்திருக்கிறீர்கள் என்றால், யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பவளம் வாழும் தொட்டியில் யாரும் செம்பு போட்டிருக்க மாட்டார்கள்.

## வளர்க்காமல் இருப்பது

இதையும் ஒரு வழியாகவே சொல்கிறேன். பிரிட்டன் 2022இல் கொண்டுவந்த விலங்கு நலச் சட்டம் கணவாய் இனங்களை வலியுணர்வுள்ள உயிர்கள் பட்டியலில் சேர்த்தது. ஏழு மாதம் ஒன்றோடு வாழ்ந்த எனக்கு அதில் வியப்பில்லை. தினமும் தீனி வேண்டும், தினமும் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும். மூடி போட்ட பாட்டிலுக்குள் நண்டு, புதிய கொட்டாங்குச்சி, இடம் மாற்றிய கல், ஏதாவது ஒன்று. பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற பிராணி இது கிடையாது. அடிக்கடி பயணம் போகிறவர்கள் அதே சம்ப் தொட்டியில் கோமாளி மீன் வையுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. கடலிலிருந்து எடுக்காத மீனே கிடைக்கும்.

## எடுத்தாயிற்று என்றால், முதல் மூன்று மாதம்

தம்பி கடைசியில் சம்ப் தொட்டிக்கே பணம் கட்டினார். அடுத்த வாரமே கோவளம் போகலாமா என்று கேட்டார். மூன்று மாதம் என்றேன்.

அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா நாலு வாரத்தில் வந்துவிடும்தான். ஆனால் கணவாய் போடும் சுமைக்கு அது போதாது. ஒவ்வொரு நாளும் ஒரு இறாலைப் போட்டு, கணவாய் இருப்பது போலவே தொட்டியை ஓட்ட வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகு நத்தைகள், அப்புறம் இரண்டு நண்டு. நண்டு ஒரு முறை தோல் உரித்து, புது ஓடு கெட்டியாகி மறுபடி நடமாடினால் தண்ணீரை நம்பலாம்.

அந்த மூன்று மாதத்தில் ஒரு ராத்திரி, வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, தண்ணீர் புகாத டார்ச் ஒன்றை எரியவிட்டுத் தொட்டிக்குள் இறக்கி மூடியைப் பூட்டுங்கள். மூடியின் ஓரம், குழாய் நுழையும் இடம், ஒயர் போகும் பள்ளம் என்று மேலே எங்கெல்லாம் வெளிச்சம் கோடாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் கை நுழையும். ஒவ்வொன்றாக அடையுங்கள்.

ஒளிந்துகொள்ள பூச்சில்லாத சின்ன மண் கலயம் ஒன்றைக் கல்லில் சாய்த்து வையுங்கள், இரண்டு மூன்று கொட்டாங்குச்சியும். பாக் நீரிணைப் பக்கம் காலிச் சங்குகளைக் கயிற்றில் கோத்துக் கடலடியில் இறக்கி வைத்தே கணவாய் பிடிக்கிறார்கள். ஒளிய ஒரு குழி கிடைத்தால் அது தானே போய் உட்காரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கொண்டுவந்ததும் வாளித் தண்ணீரில் உங்கள் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் கலக்க வேண்டும், வாளிக்குள் காற்றுக்கல் போட்டு, வாளியையும் மூடி. பிறகு விளக்கை அணைத்துவிட்டு விலகி இருங்கள். கண்ணாடியைத் தட்டக் கூடாது, தேடக் கூடாது, பிள்ளைகளையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். என்னுடையது இரண்டு நாள் கலயத்துக்குள்ளேயே இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரே ஒரு கை வெளியே வந்து, மணலைத் தடவி, நண்டைத் தொட்டது.